குள்ளர் நகரில் காற்று ஏது?

மலையின் வயிற்றுக்குள் ஒன்பது பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். கும்மிருட்டு. முன்னால் செல்லும் கிழவரின் கைத்தடி முனையில் மட்டும் ஒரு சிறு வெளிச்சம். பல மணி நேரம் நடந்தபின் பாதை மூன்றாகப் பிரிகிறது. இடப்பக்க வழி கீழே இறங்குகிறது. நடுவழி சமமாக, ஆனால் மிகக் குறுகலாகச் செல்கிறது. வலப்பக்க வழி மேலே ஏறுகிறது. எதில் போவது? கிழவருக்கே தெரியவில்லை. நெடுநேரம் உட்கார்ந்து யோசிக்கிறார். கடைசியில், இடப்பக்க வழியின் வாடை சரியில்லை, அங்கே கெட்ட காற்று இருக்கிறது என்று சொல்லி, வலப்பக்கம் நடக்கிறார்.

இது உண்மையில் நடந்ததல்ல. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் எழுதி, 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் நெடுங்கதையில் வரும் காட்சி. கிழவர் காண்டால்ஃப் என்ற மந்திரவாதி. மலைக்குள் இருக்கும் அந்த இடம் மோரியா. ஒரு காலத்தில் குள்ளர்கள் பாறையைக் குடைந்து உண்டாக்கிய மாபெரும் நகரம். மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசலுக்கு நேர்க்கோட்டில் அளந்தாலும் 40 மைலுக்குக் குறையாதாம். தூண்கள் நிறைந்த மண்டபங்கள், அடுக்கடுக்கான தளங்கள், உலைக்களங்கள், வெள்ளியைப் போல் மின்னி இறகைப் போல் கனமற்றிருக்கும் 'மித்ரில்' என்ற உலோகம் - எல்லாம் அங்கே உண்டு.

கதை முழுவதும் மாயமந்திரம்தான். ஆனால் மூக்கை நம்பி வழியைத் தேர்ந்தெடுத்த அந்த ஓர் இடத்தில் மந்திரம் எதுவும் இல்லை. அது சுரங்கத் தொழிலாளி செய்யும் காரியம். அங்கிருந்துதான் நமக்கு ஒரு கேள்வி பிறக்கிறது. அப்படி ஒரு நகரம் நிஜமாகவே இருந்தால், அதில் குடியிருப்பவர்கள் எதைச் சுவாசிப்பார்கள்?

ஒரு சின்னக் கணக்கு

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். குள்ளர் நகரில் ஓர் அறை. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கொள்ளளவு 300 கன மீட்டர். அதாவது 3,00,000 லிட்டர். உங்கள் வகுப்பறையைவிடப் பெரியதாகவே இருக்கும். அதில் 20 பேரை உட்கார்த்திக் கதவை இறுக மூடிவிடுவோம்.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் கரியமிலவாயு 0.04 சதவிகிதம்தான். வெளியே விடும் மூச்சிலோ அது ஏறக்குறைய 4 சதவிகிதம். இலேசான வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்கு மணிக்கு 400 லிட்டர். எட்டு மணி நேரத்தில் 3,200 லிட்டர். அறையின் கொள்ளளவில் இது 1 சதவிகிதத்துக்கு மேல். ஒரு நாள் முழுவதும் கழிந்தால் 3 சதவிகிதத்தைத் தாண்டிவிடும். தலை வலிக்கும், சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக்கூட மூச்சு இரைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூடிய அறையில் பிராணவாயு தீர்ந்துபோவதால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எட்டு மணி நேரத்தில் பிராணவாயு 21 சதவிகிதத்திலிருந்து 20-க்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். நம்மை முதலில் வாட்டுவது பிராணவாயுவின் குறைவு அல்ல, நாமே வெளியே விட்ட கரியமிலவாயுவின் பெருக்கம்.

இது சும்மா உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கு. குள்ளர்கள் சும்மா இருப்பவர்களா? அவர்கள் கொல்லர்கள். உலை மூட்டாமல் அவர்கள் கதையே இல்லை. ஒரு கிலோ கரி முழுவதும் எரிய ஏறத்தாழ 2,000 லிட்டர் பிராணவாயு வேண்டும். ஏறக்குறைய நான்கு பேர் ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தும் அளவு அது. 100 கிலோ கரி எரிக்கும் ஓர் உலைக்களம் 400 பேர் கொண்ட ஒரு தெருவின் காற்றைக் குடித்துவிடும். ஆகவே குள்ளர் நகரில் மக்கள்தொகைக் கணக்கு எடுப்பவர் ஆட்களை எண்ணுவதற்கு முன் உலைகளை எண்ணுவது நல்லது.

இரண்டு வாசல்

மோரியாவுக்கு மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். மேல்தளங்களில் வெளிச்சம் வருவதற்காக மலைச்சரிவு வரை துளைத்த சாளரக் குழாய்களும் உண்டு. வெளிச்சம் வரும் வழியில் காற்றும் வரும். டோல்கீன் இதைக் காற்றோட்டக் கணக்குப் போட்டு எழுதினாரோ இல்லையோ, இரண்டு வாசல் வைத்தது மிகச் சரி.

ஏன் இரண்டு? இதை நீங்களே செய்து பார்க்கலாம். மூடியுள்ள ஒரு தகரப் பெட்டியை எடுத்து, மூடியில் இரண்டு துளைகள் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்குச் சிம்னியை நிறுத்துங்கள். ஒரு துளைக்கு நேர் கீழே பெட்டிக்குள் சிறு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து மூடியைப் பொருத்துங்கள். (பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.) இப்போது புகையும் ஊதுவத்தியை மற்றச் சிம்னியின் வாயருகே பிடியுங்கள். புகை எப்போதும் மேலேதானே போகும்? இங்கே அது சிம்னிக்குள் கீழ்நோக்கி இறங்கி, பெட்டிக்குள் நுழைந்து, மெழுகுவர்த்தி உள்ள சிம்னி வழியாக மேலேறி வெளியே வரும். சூடான காற்று இலேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று அடுத்த வாசல் வழியாக உள்ளே வருகிறது. இப்போது ஊதுவத்தி பிடித்த சிம்னியின் வாயைக் கையால் மூடிப் பாருங்கள். சுடர் தடுமாறத் தொடங்கும்.

மெழுகுவர்த்தி இல்லாமலேயே மலைக்குள் இது நடக்கும். நிலத்தின் ஆழத்தில் கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஒரு வாசல் அடிவாரத்திலும் மற்றொன்று உயரத்திலும் இருந்தால், குளிர்காலத்தில் உள்ளே உள்ள காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் மேல்வாசல் வழியே வெளியேறும். கீழ்வாசல் வழியே புதுக்காற்று நுழையும். கோடையில் இது தலைகீழாகும். இந்தப் பருவ மாற்றத்தை 1556 ஆம் ஆண்டில் வெளியான ஒரு நூலிலேயே காணலாம். எழுதியவர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா என்ற ஜெர்மன் மருத்துவர். நூலின் பெயர் 'டி ரே மெட்டாலிக்கா'. உலோகங்களைப் பற்றி என்று பொருள். காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும் பொறிகள், விசிறிச் சக்கரங்கள், பெரிய துருத்திகள், ஒன்றும் இல்லாவிட்டால் துணியை வீசி வீசிக் காற்றை அசைப்பது வரை அதில் படங்களுடன் விளக்கியிருக்கிறார். நூல் அச்சாகி வருவதற்குள், 1555-ல், அவர் இறந்துவிட்டார். லத்தீனில் இருந்த அந்நூலை 1912-ல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் ஒருவர் சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர். மற்றவர் அவருடைய மனைவி. அதே ஹூவர் 1929-ல் அமெரிக்க ஜனாதிபதியானார்!

உண்மையாகவே மனிதர்கள் நிலத்தடியில் நகரம் அமைத்த இடம் துருக்கியில் இருக்கிறது. பெயர் டெரின்குயு, ஆழக்கிணறு என்று அர்த்தம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறையைக் குடைந்து சுமார் 85 மீட்டர் ஆழம் வரை தளம் தளமாக அமைத்திருக்கிறார்கள். பகைவர் வரும்போது மக்கள் ஆடுமாடுகளோடு உள்ளே இறங்கி, வட்டக் கல்லை உருட்டி வழியை அடைத்துக்கொள்வார்கள். 20,000 பேர் வரை தங்கியிருக்கக் கூடும் என்று சொல்லப்படுகிறது. அத்தனை பேரும் மூச்சுவிட்டது தளங்களை ஊடுருவி இறங்கும் காற்றுக் கிணறுகளின் தயவால்தான்.

ஒற்றை வாசல் வைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்லி என்ற இடத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு செங்குத்துக் கிணறு. நடுவே மரப்பலகைத் தடுப்பு வைத்து, ஒரு பாதி வழியே காற்று இறங்கவும் மறு பாதி வழியே ஏறவும் செய்திருந்தார்கள். 1862 ஜனவரி 16 ஆம் தேதி, கிணற்றின் வாயில் இருந்த நீரிறைக்கும் இயந்திரத்தின் மாபெரும் இரும்பு உத்தரம் முறிந்து உள்ளே விழுந்தது. தடுப்பு நொறுங்கியது, கிணறு அடைபட்டது. ஆட்களும் சிறுவர்களுமாக 204 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடலில் ஒரு கீறல்கூட இல்லை. நச்சுக்காற்றே அவர்களைக் கொன்றது. சுரங்கத்துக்கு இரண்டு வழிகள் இருந்தே தீரவேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது.

மூக்குக்கு எட்டாதவை

காண்டால்ஃப் கீழே இறங்கும் வழியை ஒதுக்கியது நியாயமே. கரியமிலவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்றோட்டமில்லாத பள்ளங்களில் தேங்கி நிற்கும். ஆனால் அவர் மூக்கை நம்பியது பற்றி எனக்கு ஐயம் உண்டு. சுரங்கத்தின் பெரிய பகைவர்களுக்கு வாடையே கிடையாது! கரியமிலவாயுவுக்கு இல்லை. எரிந்து வெடிக்கும் மீத்தேனுக்கு இல்லை. உலைக்களத்தில் கரி அரைகுறையாக எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கும் இல்லை. அது பிராணவாயுவை முந்திக்கொண்டு இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பற்றிக்கொள்ளும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒன்றுதான் அறிவித்துக்கொண்டு வருகிறது. அதுவும் மிகுந்துவிட்டால் முகரும் சக்தியையே மழுங்கடித்துவிடும்.

ஆகையால் மூக்கைவிட நுட்பமான சாட்சிகள் தேவைப்பட்டன. போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கம் 327 மீட்டர் ஆழம் கொண்டது. உப்பிலேயே செதுக்கிய வழிபாட்டு மண்டபமும் உப்புப் படிகச் சரவிளக்குகளும் அங்கே உண்டு. குள்ளர் நகரை நேரில் காண ஆசைப்படுபவர் அங்கே போகலாம். அந்த அழகுச் சுரங்கத்தில்தான் ஒரு பயங்கர வேலை இருந்தது. நீண்ட கழியின் நுனியில் தீப்பந்தத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் தரையோடு தரையாக ஊர்ந்து செல்வார். மீத்தேன் இலேசானது, கூரையை ஒட்டித் தங்கும். அதைச் சிறிது சிறிதாக எரித்துத் தீர்ப்பதே அவர் வேலை. அளவு மிகுந்திருந்தால் அவர் திரும்புவதில்லை. பிரிட்டனிலோ, ஜான் ஹால்டேன் என்ற அறிஞரின் யோசனைப்படி, கானரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுபோனார்கள். சிறிய உடல், வேகமான மூச்சு. நச்சுவாயு மனிதனைத் தாக்குமுன் குருவி சாய்ந்துவிடும். 1986 வரை இந்தக் குருவிகள் பணியில் இருந்தன.

குள்ளரின் குறும்பு

கதைகளில் குள்ளர்கள் ஏன் எப்போதும் சுரங்கத்தில் இருக்கிறார்கள்? டோல்கீன் தம் குள்ளர்களின் பெயர்களைப் பழைய ஐஸ்லாந்துப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தார். கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட கதையில் வெண்பனி என்ற இளவரசிக்கு அடைக்கலம் தந்த ஏழு குள்ளரும் மலையில் தாது வெட்டுபவர்களே. ஜெர்மனியின் தொழிலாளர்கள் இவர்களைக் கதை மாந்தராக மட்டும் கருதவில்லை, நிஜமென்றே நம்பினார்கள். அக்ரிகோலாவும் நம்பினார். 1549-ல் வெளியான மற்றொரு நூலில் அவர்களைப் பற்றிக் குறித்திருக்கிறார்: இரண்டடிக்குச் சற்று அதிகமான உயரம், சுரங்கத் தொழிலாளியின் உடை, எப்போதும் மும்முரமாக வேலை செய்வது போன்ற பாவனை, உண்மையில் செய்வது ஒன்றுமில்லை.

இவர்களில் 'கோபோல்ட்' எனப்பட்டவர் பொல்லாதவர். ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடையே எர்ட்ஸ்கெபிர்கெ, அதாவது தாதுமலை, என்ற மலைத்தொடர் இருக்கிறது. அங்கே வெள்ளித் தாது போலவே தோன்றும் ஒரு கல் கிடைத்தது. ஆசையோடு உலையில் இட்டால் வெள்ளி வராது. வெண்புகை வரும். புகையை முகர்ந்தவர் நோயில் விழுவார். கோபோல்ட் நல்ல வெள்ளியைத் திருடிக்கொண்டு இந்தக் கல்லை வைத்துவிட்டான் என்றார்கள். 1730-களில் சுவீடன் நாட்டு இரசாயனி கியோர்க் பிராண்ட் அந்தக் கல்லில் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். அதுதான் கோபால்ட், திருடனின் பெயரே உலோகத்துக்கு நிலைத்துவிட்டது. வெண்புகையோ தாதுவில் இருந்த ஆர்சனிக்; நம் ஊரில் பாஷாணம் என்போமே, அது. செம்புத் தாது போல் ஏமாற்றிய இன்னொரு கல்லையும் பூதத்தின் பெயரால் 'குப்ஃபர்நிக்கல்' என்று திட்டினார்கள். 1751-ல் கிரான்ஸ்டெட் என்பவர் அதிலிருந்து பிரித்தெடுத்ததே நிக்கல். இரசாயன அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும் 27, 28 எண்களைப் பாருங்கள்: இரண்டு குறும்புக்காரரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்!

ஆனால் கோபோல்டின் தலையில் கட்ட முடியாத ஒன்றும் அந்த மலையில் இருந்தது. ஷ்னீபெர்க் என்ற ஊரில் தாது வெட்டியவர்கள் நடுவயதிலேயே இருமி இருமி, உடல் இளைத்து இறந்தார்கள். 'மலைநோய்' என்றார்கள். பாறைத்தூளே காரணம் என்று அக்ரிகோலா எண்ணினார். கார்பேத்தியன் மலைச் சுரங்கங்களில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து மணந்து, ஏழு பேரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். ஏழு குள்ளர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வருகிறது.

பாறைத்தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது சரியே. ஆனால் ஷ்னீபெர்க்கில் அது மட்டுமல்ல. 1879-ல் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள், இறந்தவர்களின் உடலைச் சோதித்து, மலைநோய் உண்மையில் நுரையீரலில் வளரும் புற்று என்று காட்டினார்கள். ஏன் வருகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. விடை அதே மலையின் மறுபக்கத்தில், அக்ரிகோலா மருத்துவராக இருந்த யோவாகிம்ஸ்டால் ஊரில் கிடந்தது. அவ்வூர்த் தாதுக் கழிவிலிருந்துதான் 1898-ல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டார்கள். அந்த மலையில் வெள்ளியோடு யுரேனியமும் கலந்திருக்கிறது. யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயுவாகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பாறை இடுக்கிலிருந்து கசிந்து சுரங்கக் காற்றில் கலந்துவிடும். 3.8 நாட்களில் அதில் பாதி சிதைந்து, பொலோனியம் போன்ற திடப்பொருள்களாக மாறும். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் படிந்து, அங்கிருந்தபடியே ஆல்ஃபா துகள்களைச் சுடும். நானூறு ஆண்டுகளாகக் கொன்ற பூதம் இதுதான்.

சரி, இன்னும் ஆழமாகத் தோண்டினால்? மோரியாவின் குள்ளர்கள் மித்ரில் ஆசையில் அளவுக்கு மீறித் தோண்டி, தூங்கிக்கொண்டிருந்த நெருப்பு அரக்கனை எழுப்பிவிட்டார்கள் என்கிறது கதை. பூமிக்குள் அப்படி ஓர் அரக்கன் உண்டு, வெப்பம். பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு ஏறும். மிகப் பழைய பாறைப் பகுதிகளில் ஏற்றம் இதைவிடக் குறைவு. அப்படியும், தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழமுள்ள ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. பனிக்கட்டிக் குழம்பைக் குழாயில் இறக்கிக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலும் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. 2001-ல் அது மூடப்பட்டது. உங்கள் ஊரில் அங்கே வேலை பார்த்த தாத்தா யாரேனும் இருந்தால், கீழே காற்று எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

தாதுமலையின் கதை ரேடானைக் கண்டதோடு முடியவில்லை. 1920-களிலேயே ஷ்னீபெர்க் சுரங்கக் காற்றில் ரேடானை அளந்துவிட்டார்கள். ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அணுகுண்டுக்காக யுரேனியம் தேவைப்பட்டது. 1946-ல் அதே மலையில், முன்னைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் தோண்டத் தொடங்கினார்கள். முதல் ஆண்டுகளில் தண்ணீர் தெளிக்காமலே பாறையைத் துளைத்தார்கள். தூசி மேகமாக எழுந்தது. போதிய காற்றோட்டமும் இல்லை. 1950-களின் நடுவில்தான் ஈரத் துளைப்பும் வலுவான மின்விசிறிகளும் வந்தன. மருந்து ஒன்றும் புதிதல்ல. இரண்டு வாசல், இடைவிடாத காற்று, அவ்வளவே. ரேடானின் அளவு வெகுவாகக் குறைந்தது. சுரங்கம் 1990 வரை நடந்தது. வலுவான காற்றோட்டம் வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மூச்சிழுத்தவர்களுக்குப் புற்றுநோய் பல ஆண்டுகள் தாமதித்து வந்தது, ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது.